நான்கு விரற்கடை

ஆர்னே ஹாபாலா இறந்துபோனதை
டார்ரெல்தான் போனில் சொன்னான்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
டிரம்ஸ் வாசிப்பவன்;
அந்த இடைவெளியையும் எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

டுலூத்தில் துறைமுகம் இன்னும் உறைந்து கிடந்தது.
பழைய மீன்கிடங்கு, அதுதான் ஸ்டூடியோ.
எத்தனை கோட் பெயிண்ட் அடித்தும்
ஈர நாளில் ஹெர்ரிங் வாடை சுவரைவிட்டு இறங்கி வரும்.
"உங்கள் ரெக்கார்டிலும் இருக்கும்,
யார் காதுக்கும் எட்டாது" என்பார்.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் வந்தபோது
என் ஆம்ப்பில் எல்லாக் குமிழும் பத்தில்.
கேட்காமலே குனிந்து
கெய்னை நான்குக்குத் திருப்பினார்.
"கோபத்தைக் குறை. அப்போதுதான்
என்ன திட்டுகிறாய் என்று புரியும்."
வாசித்தேன்.
சுவர் ஓர் அடி முன்னால் வந்தது.

ஸ்பீக்கர் கூம்புக்கு எதிரே இரண்டு மைக்,
ஒன்று விளிம்பைப் பார்த்து, ஒன்று நடுவை.
இரண்டும் ஒரே கணத்தில் கேட்க வேண்டும்,
மயிரிழை பிந்தினாலும் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று
ஹெட்போனோடு முழங்காலில் நகர்ந்தார்,
மூக்குத்தித் திருகாணியைத் தொலைத்தவர்போல.
மூன்றாவது, இரும்புப் படிக்கட்டின் அடியில்.
அங்கே போய்ச் சேர்வதற்குள் சத்தம் சற்றுக் களைத்திருக்கும்.
அந்தக் களைப்பு வேண்டும் அவருக்கு.
நாலாவது என் மடியருகே,
ஆம்ப்புக்கு அல்ல, வெறும் கம்பிக்கு:
பிக் உரசும் டிக் டிக் மட்டும்.
"இது உப்பு. தனியாகத் தின்னாதே."

ஒரே ஒரு கோர்டுக்காக
மூன்றாம் கம்பியை இழையளவு இறக்கச் சொன்னார்.
மற்ற கோர்டெல்லாம் அபசுரமாகுமே?
"அவற்றை நாளைக்கு எடுப்போம்."

தாதுக் கப்பல் ஒன்று
தூக்குப் பாலத்தைப் பார்த்து ஊளையிட்டது.
டேப்பை நிறுத்தினார்.
"நம் சுருதி இல்லை அது."
காத்திருந்தோம். அடுத்த கப்பலும்
நம் சுருதியில் இல்லை.

மூன்றாம் நாள்தான் சண்டை.
நடு மைக் துணியை ஒட்டி நின்றது. மூச்சு முட்டுகிறது,
நான்கு விரற்கடை பின்னால் வை என்றேன்.
இரண்டும் ஒரே கணம் என்றார்.
கணமாவது மண்ணாவது என்றேன்.
மிலோ ரொட்டி வாங்கப் போய்விட்டான்.
என் கண்ணெதிரே, பல்லைக் கடித்துக்கொண்டு,
பின்னால் நகர்த்தினார்.
நான் புகைக்க வெளியே போனேன்.
திரும்பி வந்து எடுத்த டேக்தான்
இன்றுவரை ஜனங்கள் என்னிடம் கேட்கிற அந்த கிட்டார்.

முப்பது வருடம் அதைக் கதையாகச் சொன்னேன்.
மதுக்கடைகளில், ரேடியோவில், மகளிடம்:
நான் பனியில் நின்று புகைத்தபோது
அந்தக் கள்ளன் மைக்கைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டான்,
என் முட்டாள்தனத்திலிருந்து பாட்டைக் காப்பாற்றினான்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
ஒவ்வொரு முறையும் நான் புகைத்த சிகரெட் நீண்டுகொண்டே போகும்.
அவரிடம் மட்டும் கேட்டதில்லை.

இரங்கலுக்கு வந்தவர்களுக்கு
அவர் தங்கை லெம்பி ஏலக்காய் ரொட்டி வெட்டித் தந்தாள்.
பிறகு அவரவர் பெட்டியை அவரவரிடம்.
எங்கள் டேப்போடு ட்ராக் ஷீட், பென்சில் எழுத்து,
காப்பிக் கறை ஒன்று, ஓரத்தில் தொகை கூட்டிய கணக்கு:

ஐந்து – விளிம்பு.
ஆறு – கோரின் சொன்ன இடம். தொடாதே.

தொடாதே என்பதன் கீழே இரண்டு கோடு.
அந்த அறையில் அன்று அவரையும் என்னையும் தவிர
மைக்கைத் தொடக்கூடியவர் யாருமில்லை.
நான் வெளியே இருந்தேன்.

என்ன எழுதியிருக்கிறது என்றான் டார்ரெல்.
எண்கள் என்றேன்.
அப்புறம் காட்டலாம்.
விரல்களைச் சேர்த்து மேஜைமேல் வைத்துப் பார்த்தேன்.
மூட்டு வீங்கியிருக்கிறது இப்போது.
அன்றைக்கு இவ்வளவு தூரம் இருந்திருக்காது.